அலையில் ஓர் அலுவலகம்

போர்ச்சுகல் அரசு 2022 அக்டோபரில் ஒரு நல்ல காரியம் செய்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் அயல்நாட்டாருக்கென்றே தனி விசா. தகுதி ஒன்றும் பெரிதில்லை: அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம் இருந்தால் போதும்.

லிஸ்பனுக்கு வடமேற்கே எரிசெய்ரா. 2011-இல் உலக அலைச்சறுக்குக் காப்பகமாகத் தேர்வான மீனவர் ஊர். கலிஃபோர்னிய மேலாளர் காலை 8 மணிக்குக் கணினியைத் திறக்கும்போது இங்கே மாலை 4. அதுவரை கடலில் கிடக்கலாம். நேர மண்டலங்களைப் படைத்தவன் கருணையுள்ளவன்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் பாதியில் விடலாமா? வாராந்தரக் கூட்டத்தை அலைமேலேயே நடத்தலாம். மூழ்கியவர் மைக்கை அணைத்துவிட்டதாகக் கொள்க. சம்பள உயர்வுக்கு நசாரே கடற்கரை இருக்கிறது. 2020-இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே 26.21 மீட்டர் அலையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். அதை மிஞ்சுபவருக்குப் பதவி உயர்வு. மிஞ்சாதவரின் நாற்காலி காலியாவதால் அடுத்தவருக்கும் பதவி உயர்வு. மனிதவளத் துறைக்கு இரட்டை மகிழ்ச்சி.

சாகசமெல்லாம் வந்தவர்களுக்குத்தான் என்று யாரும் குறைசொல்ல முடியாது. அவர்களுக்குக் காப்பி போட்டுத் தரும் உள்ளூர் இளைஞருக்குக் கிடைப்பது மேற்படி நான்கில் ஒரு மடங்கு. வாடகை ஏறிய ஏற்றத்தில், பிறந்த ஊரை விட்டுத் தள்ளிக் குடிபோய், விடியுமுன் முதல் பேருந்தைப் பிடித்து வேலைக்கு வருகிறார். மாதக் கடைசிவரை மூழ்காமல் தாக்குப்பிடிக்கிறார். இதற்குக் கோப்பை கொடுக்க இன்னும் யாரும் முன்வரவில்லை.