இருதளத்தார் இயல்

கணினியின் வன்தட்டை வகிர்ந்து, வகிர்ந்த கூறுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களைக் குடியேற்றி வாழ்வோர் இருதளத்தார் எனப்படுவர். மூன்றோ நான்கோ குடியேற்றியோரும் இப்பெயர்க்கே உரியர். இரண்டைக் கடந்தபின் எண்ணிக்கை கூடுமேயன்றி இயல்பு மாறுவதில்லை. ஒருதளத்தார் இவ்வியலுக்குப் புறத்தார். அவரைப் பற்றி எழுதப் பொருள் இல்லை.

மாணாக்க, இவ்வியலுக்கு நிலம் யாதோ எனின், ஐதராபாத்தின் குகட்பள்ளி என்க. இதனைத் தேர்ந்தது வாளா அன்று. அங்குள்ள வீட்டு வாரியக் குடியிருப்பு கட்டம் கட்டமாக எண்ணிடப்பட்டது; அதனுள் குறைந்த வருவாயர்க்கு ஒரு வகை, நடு வருவாயர்க்கு ஒரு வகை, உயர் வருவாயர்க்கு ஒரு வகை என வீடுகள் பகுக்கப்பட்டன. வகிர்ந்து குடியமர்த்தல் அம்மண்ணின் இயல்பே. அத்தெருக்களின் விடுதிகளில் தங்கி, அமீர்ப்பேட்டையின் பயிற்சிக்கூடங்களில் நிரலெழுதக் கற்று, ஐடெக்கு சிட்டியில் வேலை தேடும் இளையோருள் தமிழரும் உளர். அறைக்கு மூவர், மூவர்க்கு ஒரு கணினி என்றிருந்த நாளில் இருதளக் கலை அங்கே தழைத்தது.

இனி வகிர்வின் வரம்பு. ஐ.பி.எம். நிறுவனம் 1983 மார்ச்சில் வன்தட்டோடு வெளியிட்ட எக்சு.டி. கணினிக்கும், அதனோடு வந்த டாசு 2.0 தளத்துக்கும் வகுத்த முறையே நெடுங்காலம் ஆண்டது. அதன்படி வன்தட்டின் முதற்கூறு 512 பைட்டு. அதில் 446 பைட்டு தளத்தை எழுப்பும் சிறுநிரலுக்கு. 64 பைட்டு வகிர்வுப் பட்டியலுக்கு. எஞ்சிய 2 பைட்டு, இத்தட்டு எழத்தக்கது என்று காட்டும் பொறிப்புக்கு. ஒரு வகிர்வைக் குறிக்க 16 பைட்டு வேண்டும். 64ஐ 16ஆல் வகுக்க. ஆகவே முதல்வகிர்வு நான்கே. ஐந்தாவது வேண்டுவோன் நான்கில் ஒன்றை விரிவகிர்வாக்கி, அதனுள் உள்வகிர்வுகள் அமைத்துக்கொள்வான். பிற்காலத்துப் புதுமுறையில் விண்டோசு 128 வகிர்வு வரை ஒப்பும். 128ஆக வகிர்ந்தவனை யான் கண்டதில்லை. கண்டால் அவனுக்கெனத் தனி இயல் வகுப்பேன்.

1. பிறப்பு வகை. இது கருவிரட்டை, செய்யிரட்டை என இரண்டாம்.

1.1. கருவிரட்டையாவது, கணினி உடையானின் கைக்கு வரும்போதே இரு தளத்தோடு வருவது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் எல்காட்டு நிறுவனம் வழியாகப் பிள்ளைகளுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இதற்கு எடுத்துக்காட்டு. அதில் விண்டோசும், சிடாக்கு நிறுவனம் உருவாக்கிய பாசு இலினக்சும் ஒருங்கே குடியிருந்தன. தான் இருதளத்தார் குடியில் சேர்ந்துவிட்டதை அறியாமலே, கணினி எழும்போது தோன்றும் பட்டியின் விண்டோசு வரியை மட்டும் தட்டித் தட்டிப் பள்ளி முடித்த பிள்ளைகள் உளர். அறியாமை இருதளத்தன்மையைக் குறைக்காது. வேலை தேடிக் குகட்பள்ளிக்கு வண்டியேறியவருள் சிலரோடு அம்மடிக்கணினியும் ஏறிற்று.

1.2. செய்யிரட்டையாவது, உடையான் தன் கையால் வகிர்ந்து அமைப்பது. தன் கையால் என்றமையால், விடுதியில் மேல்மாடி நண்பனின் கையால் அமைத்ததும் அடங்கும்.

2. ஒப்பு வகை. ஒவ்வாவிரட்டை, ஒத்தவிரட்டை என இதுவும் இரண்டாம்.

2.1. ஒவ்வாவிரட்டை, விண்டோசும் உபுண்டுவும் போல்வது. விண்டோசும், தெலுங்கு முகத்தோடு ஐதராபாத்தில் உருவான சுவேச்சாவும் போல்வதும் அது. இது யாவரும் அறிந்தது, விரிக்க வேண்டா.

2.2. ஒத்தவிரட்டையே ஆராயத் தக்கது. அஃதாவது ஒரே தளத்தை இரு வகிர்வுகளில் இருமுறை நிறுவுதல். விண்டோசு எக்சு.பி. காலத்தில் இது செழித்திருந்தது. அதன் எழுப்புப் பட்டியை மனக்கண்ணில் கொணர்க. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, இரண்டு வரி. இரண்டிலும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரே பெயர். கீழே 30 நொடி ஒவ்வொன்றாகக் குறைந்து வரும். வேறுபாடே இல்லையோ எனின், உண்டு. பட்டிக்குரிய கோப்பினுள் ஒரு வரி வகிர்வு 1 என்றும், மற்றொரு வரி வகிர்வு 2 என்றும் சுட்டும். ஆனால் அவ்வெண் திரையில் தோன்றாது. ஆதலின் எது எது என்பது உடையானின் நெஞ்சில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஊரிலிருந்து வந்த தந்தை, மேலே நின்ற வரியைத் தட்டி, ஆரக்கிளும் சாவாவும் கண்டு மகிழ்ந்து திரும்புவார். கவுண்டர் இசுட்ரைக்கு விளையாட்டு கீழே நின்ற வரியில் உறங்கும். பட்டியில் பெயரைத் திருத்தி 'படிப்பு', 'பிற' என எழுதிவைப்போரும் உளர். அவரை இவ்வியல் ஒத்தவிரட்டையாருள் கடைநிலையில் வைக்கும். மறைபொருளைப் பலகையிட்டு அறிவித்தலான்.

3. கருத்து வகை. எதற்காக இரண்டாவது என்னும் வினாவுக்கு விடையாய் வருவன: கேடு வருங்கால் புகலிடமாக வைத்த அஞ்சுதளம், மேற்கண்டவாறு தந்தைக்கு மறைத்த மறைதளம், பழைய அச்சுப்பொறி ஒன்றனுக்காக மட்டும் உயிரோடிருக்கும் பழந்தளம், 2025 அக்டோபர் 14இல் விண்டோசு 10க்கு மைக்ரோசாப்ட்டின் பொதுப் பேணல் நின்றபின், விண்டோசு 11ஐ ஏலாத கணினியில் இலினக்சைச் சேர்த்த அடைக்கலத்தளம், பட்டி தோன்றுவதை அருகிலிருப்போர் காணவேண்டும் என்பதற்கே அமைத்த காட்சித்தளம். இறுதியிற் சொன்னதே பெருவழக்கு என்பது என் துணிபு. வாயால் பிற நான்கையும் சொல்வர்.

4. சார்பு வகை. இது இருதளத்தாரின் உயிர்நிலை, கருத்தூன்றிக் கேள்.

4.1. இரட்டைக்கிளவி நிலை. பிரித்தால் பொருள் தராத அமைப்பு இது. எக்சு.பி.யை சி வகிர்விலும் டி வகிர்விலும் நிறுவியவன், டி தனித்து நிற்கும் என எண்ணுவான். நில்லாது. இரண்டையும் எழுப்பும் கோப்புகள் சி வகிர்வில் மட்டுமே இருக்கும். சி கெட்டது, டி இருக்க அஞ்சேன் என்று சி வகிர்வை வெறுமையாக்கியவன் மறுநாள் காண்பது, எழுப்பியைக் காணவில்லை என்னும் ஒற்றை வரி. அஞ்சுதளம் அமைத்தோருள் பலர் அஞ்சவேண்டிய இடத்தை அறியாதிருந்தனர். பழைய முறைக் கணினியில் விண்டோசின் பக்கத்தில் இலினக்சை நிறுவினாலும் இதே நிலைதான். அப்போது கிரப்பு என்னும் எழுப்பி, முதற்கூற்றின் 446 பைட்டில் தலையையும் இலினக்சு வகிர்வில் உடலையும் வைத்துக் கிடக்கும். இலினக்சு வேண்டா என்று அவ்வகிர்வை அழித்தால் தலை உடலைத் தேடும். விண்டோசு முழுமையாய் இருந்தும் எழாது.

4.2. அடுக்குத்தொடர் நிலை. பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தரும். தளத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஓர் எழுப்பி என அமைப்பது. தட்டு வேறாதலும் வகிர்வாகவே கொள்ளப்படும். செலவு மிகும். செகந்திராபாத்தின் செனாய் வணிக நடுவத்தில் இன்னொரு தட்டு வாங்கப் பணமுள்ளோர் இதனைக் கைக்கொள்க.

5. வழு. வழு ஏழென்பது நம் மரபு. அவற்றுள் திணை, பால், வினா ஆகிய மூன்றும் இருதளத்தார்க்கு நிகழா. ஏனைய நான்கும் நிகழும்.

5.1. இடவழு. விண்டோசில் சி, டி எனப் பெயர் பெற்றவை இலினக்சில் எசு.டி.ஏ.1, எசு.டி.ஏ.2 எனத் தோன்றும். பெயர் மயங்கி, காக்க வேண்டியதை வெறுமையாக்கல் இவ்வழு.

5.2. விடைவழு. தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா எனக் கேட்கும் நிறுவிக்கு, படியாமல் ஆம் என்றல்.

5.3. மரபுவழு. பழையதை முன்னும் புதியதைப் பின்னும் நிறுவுதலே மரபு. விண்டோசு எக்சு.பி. இருந்த தட்டில் விண்டோசு 98ஐப் பின்னர் நிறுவினால், அது தன் எழுப்பியை முதல்வகிர்வில் எழுதி முன்னிருந்த எக்சு.பி.யை மறைக்கும். இலினக்சை முன்னும் விண்டோசைப் பின்னும் நிறுவினாலும் பழைய முறைக் கணினியில் இதுவே நேரும். விண்டோசு பட்டியைக் கேளாது தான் மட்டும் எழும்.

5.4. காலவழு. இது நுண்ணியது. கணினியின் உள்மணிப்பொறியில் இருப்பது உள்ளூர் நேரம் என விண்டோசு கொள்ளும். உலகப் பொது நேரம் என இலினக்சு கொள்ளும். இரண்டுக்கும் இந்தியாவில் இடைவெளி ஐந்தரை மணி. இலினக்சில் இரவெல்லாம் பயின்று, விடியலில் விண்டோசை எழுப்பிய மாணாக்கன், காலை 7:00 மணியை 1:30 எனக் காண்பான். கண்டு படுப்பான். அமீர்ப்பேட்டையில் ஏழு மணி வகுப்பு அவனின்றி நடக்கும். இணையம் வந்தால் விண்டோசு தன்னைத் திருத்திக்கொள்ளும். அதுவரை வழு வழுவே. இலண்டனில் பனிக்காலத்தில் இது தோன்றாது என்பதும் அறிக. இலினக்சில் ஒற்றைக் கட்டளையிட்டு, உள்ளூர் நேரத்தையே கொள் எனப் பணித்தால் இவ்வழு தீரும்.

6. புறனடை. ஒரு தளத்துக்குள் மென்பொருளால் இன்னொரு தளத்தை ஓட்டுவோர் தாமும் இருதளத்தாரே என்பர். அதனை ஒப்போம். அவர் எதையும் வகிர்ந்திலர். அவருடைய இரண்டாம் தளம் ஒரு கோப்பு. அதற்குக் கனவுத்தளம் என்று பெயரிட்டு விலக்குக. ஈண்டுக் கூறாதன பிற உளவேல், கூறியவற்றோடு பொருத்திக் கொள்க.

மாணாக்க, வகிர்கருவியைத் தொடுமுன் உன் கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வை. மடிக்கணினியாயின் மின்கம்பியை மாட்டிய பின்னரே தொடங்கு. வகிர்வின் அளவை மாற்றும் நடுவில் மின்சாரம் நின்றால் இவ்வியலின் எந்தப் பிரிவும் உனக்கு உதவாது. ஐயம் இருந்தால் நாளை வா. வரும்போது உன் எழுப்புப் பட்டியின் வரிகளைத் தாளில் எழுதி, எதற்கு எந்த வகிர்வு என்றும் குறித்துக்கொண்டு வா.