பாலை நகரில் சிக்கனச் சனிக்கிழமை: பொழுதும் பணமும் பற்றிய ஓர் ஆய்வு

மலை ஏறுதல், நீந்துதல், உண்ணுதல் ஆகிய மூன்று வினைகளையும் ஒரே பகலில், ஒரு குடும்பம், கையைக் கடிக்காத செலவில் முடிப்பது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள். களம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸ். சொனோரன் பாலைவனத்தில் அமைந்த இந்நகரில் 2020 கணக்கெடுப்பின்படி 16 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1990 ஜூன் 26 அன்று பதிவான 50 டிகிரி செல்சியஸ் இந்நகரின் உச்ச வெப்பம். 2023 கோடையில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகுட்டிகளோடு மலை ஏறப் போவானேன் என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்குள் வராது. குடும்பங்கள் போகின்றன, ஆகவே ஆராய வேண்டியிருக்கிறது.

முதல் சிக்கல் பருவம். மலை ஏற உகந்த காலம் நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலோடு முடிகிறது. நகராட்சி நடத்தும் நீச்சல் குளங்கள் மே மாதக் கடைசியில்தான் திறக்கின்றன. ஏறத் தோதான மாதத்தில் குளம் பூட்டியிருக்கும். குளம் திறந்த மாதத்தில் மலை கொதிக்கும். நாட்காட்டியில் சந்திக்காத இந்த இரண்டும் ஜூன் மாதத்து ஒற்றைப் பகலுக்குள் மட்டும் சந்திக்கின்றன. விடியற்காலையில் மலைக்குரிய பருவம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பிற்பகலில் குளத்துக்குரிய பருவம் முழுவீச்சில் நடக்கும். அரிசோனாவின் பெரும்பகுதி 1968 முதல் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதில்லை. அதனால் ஜூன் மாதத்தில் காலை 5.20 வாக்கிலேயே சூரியன் வந்துவிடுகிறது. இது வரமா சாபமா என்பது வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது.

தமிழ் இலக்கணம் பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும், நண்பகலைச் சிறுபொழுதாகவும், பிரிதலை உரிப்பொருளாகவும் வகுத்திருக்கிறது. பீனிக்ஸைப் பார்க்காமலே செய்யப்பட்ட இந்த வகைப்பாடு பீனிக்ஸுக்கும் பிசகின்றிப் பொருந்துகிறது. வேனில் நண்பகலில் மலையை விட்டுப் பிரிவதே அங்கும் முறை. பிரிய மனமில்லாதவர்களுக்காக நகராட்சியே தலையிடுகிறது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் கேமல்பேக், பியெஸ்டெவா ஆகிய இரு மலைகளின் பாதைகளும் காலையிலேயே மூடப்பட்டு மாலை 5 மணிக்கு மேல்தான் திறக்கின்றன. வெப்பம் 38 டிகிரியை எட்டினால் நகராட்சியின் மலைப்பாதைகளில் நாய்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளுக்கு இப்படி ஒரு விதி இல்லாததால் அந்த முடிவு பெற்றோரிடம் விடப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து ஆய்வின் மைய விதி கிடைக்கிறது: அன்றைய செலவு, வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம் தள்ளிப்போகத் தள்ளிப்போக ஏறும்.

அடுத்தது மலைத் தேர்வு. கேமல்பேக் 2,704 அடி. பெயருக்கேற்ப, படுத்திருக்கும் ஒட்டகம் போலவே தெரியும். எக்கோ கேனியன் வழியாக ஏறினால் சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் 1,280 அடி உயர வேண்டும். சில இடங்களில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டுதான் ஏற முடியும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் வயதில் ஒருவர் இருந்தாலும் இந்த மலை விலக்கத்தக்கது. சவுத் மவுண்டன் பூங்கா 16,000 ஏக்கருக்கு மேல் பரந்தது. நுழைவுக்கும் வண்டி நிறுத்தவும் கட்டணம் கிடையாது. 1930-களின் வேலையில்லாக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தின் இளைஞர்கள் கட்டிய கல் மண்டபங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. டாபின்ஸ் காட்சிமுனைக்கு நடந்தும் போகலாம், காரிலும் போகலாம். முழங்கால் வலிக்காரர்கள் காரில் போய் மேலே காத்திருந்து, வியர்த்து வருபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கத்துக்கு இந்த வசதியே காரணம்.

சிறுவர்களுக்கு மிகவும் ஏற்றது பாபகோ பூங்காவின் செம்மணற்கல் குன்று. பத்து நிமிட ஏற்றத்தில் பாறையின் நடுவே ஒரு பெரிய துளை. பழங்குடி ஹோஹோகம் மக்கள் அதன் வழியே விழும் ஒளியைக் கொண்டு பருவத்தைக் கணித்ததாகக் கருதப்படுகிறது. இதே மக்கள் வெட்டிய கால்வாய்களின் தடத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டில் புதிய வாய்க்கால்கள் தோண்டப்பட்டு இன்றைய நகரம் எழுந்தது. பக்கத்து மேட்டில் தெரியும் வெள்ளைப் பிரமிடு, மாநிலத்தின் முதல் ஆளுநர் ஜார்ஜ் ஹன்ட்டின் கல்லறை. பத்து நிமிடத்தில் மலை, வானியல், வரலாறு மூன்றும் முடிவதால் சோம்பேறிகளின் மதிப்பீட்டில் இதுவே முதலிடம்.

சாமான்களில் தண்ணீருக்கே முன்னுரிமை. நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை முதல் ஒரு லிட்டர் வேண்டும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் பாடம். வறண்ட காற்றில் வியர்வை கண்ணில் படுமுன் ஆவியாகிவிடுவதால், உடல் எவ்வளவு இழந்தது என்று ஆளுக்கே தெரியாது. இரண்டாவது இன்றியமையாப் பொருள் தலைசீப்பு. சோய்யா என்னும் கள்ளியின் முட்கொத்து லேசாக உரசினாலே கழன்று ஆடையிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பால் நெம்பினால்தான் விடும். நிழல் விஷயத்தில் சவாரோ கள்ளியை நம்பக் கூடாது. நாற்பது அடி வளர்ந்தாலும் அது தரும் நிழல் ஓர் ஆள் அகலம்தான். குடும்பம் வரிசையில் நின்றே இளைப்பாற வேண்டும்.

எட்டு மணிக்குள் மலையிலிருந்து இறங்கியாகிவிடும். குளங்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். இடைப்பட்ட இந்த நேரத்தை இருண்ட காலம் என்றே சொல்லலாம். குடும்பங்களின் பணம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது. காலை உணவு வீட்டுப் பொட்டலமாக இருப்பது அவசியம். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக உள்ள சாண்ட்லர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. புளிசாதம் எந்த வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது. அதன் பின் ஒதுங்க உகந்த இடம் 1995-இல் திறக்கப்பட்ட பர்ட்டன் பார் மைய நூலகம். குளிர்ச்சி இலவசம், நாற்காலி இலவசம். கட்டடக் கலைஞர் வில் புரூடர் அதன் மேல்தள வாசிப்பறையில் ஒரு விந்தை செய்து வைத்திருக்கிறார். கோடைச் சங்கிராந்தி நாளின் உச்சிப் பொழுதில், கூரைத் துளைகள் வழியே வரும் வெயில் ஒவ்வொரு தூணின் தலையிலும் சுடர் ஏற்றுகிறது.

நீச்சலில் ஆராயத்தக்கது நீந்துவதன்று, கரையேறுவது. நகராட்சிக் குளத்துக்குச் சில டாலர்களே கட்டணம். காற்று 40 டிகிரி. ஆனாலும் நீரிலிருந்து வெளியே வந்த குழந்தை பல் கிட்டித்து நடுங்கும். வறண்ட காற்று தோலிலுள்ள ஈரத்தை விரைந்து ஆவியாக்கி, அதற்கான வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்வதுதான் காரணம். சென்னையின் புழுக்கத்தில் இது நடக்காது. நடுக்கம் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அதற்குள் காரில் ஏற்ற நினைப்பது பிழை; வெயிலில் கிடந்த இருக்கைப் பட்டையின் உலோகக் கொக்கி தோலைச் சுட்டுவிடும். வாசலுக்கு அருகே என்பதைவிட மர நிழல் எங்கே என்று பார்த்தே பீனிக்ஸ்வாசிகள் வண்டி நிறுத்துவது இதனால்தான்.

உணவில் இருவகை முக்கியம். மெக்சிகோவின் எர்மோசியோ நகரத்திலிருந்து வந்த சொனோரன் ஹாட் டாக்கில் பன்றி இறைச்சிப் பட்டை சுற்றிய தொத்திறைச்சி, அவித்த பயறு, தக்காளி, வெங்காயம் எல்லாம் ஒரே ரொட்டிக்குள் அடங்கும். மாலையில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். அமெரிக்கப் பழங்குடியினரின் பொரித்த ரொட்டி மற்றொன்று. 1860-களில் நாவஹோ மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டபோது பங்கீடாகக் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்தது என்பார்கள். பயறு வைத்தால் சாப்பாடு, தேன் ஊற்றினால் பலகாரம். சைவர்கள் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ரொட்டியை விற்கும் பீனிக்ஸின் பிரை பிரெட் ஹவுஸ் 2012-இல் ஜேம்ஸ் பியர்டு விருது பெற்றது. விருது பெற்ற உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டும் பணப்பை கனமாகவே திரும்பும் அபூர்வ நிகழ்வு இங்கே சாத்தியம்.

ஒன்பது மணிக்குக் கிளம்பும் குடும்பத்தின் நிலை மட்டும் பாக்கி. அது மலையடிவாரத்தில் மூடிய வாயிற்கதவைப் பார்த்துவிட்டுப் பேரங்காடிக்குத் திரும்பும். அங்கே குளிர்ச்சி இலவசம், மற்றதெல்லாம் விலைக்குத்தான்.