பானெட்டுக்கு அடியில் நாற்றம்: ஒரு மூவறிவு ஆராய்ச்சி

1. ஆய்வு பிறந்த கதை

கோயமுத்தூரில், மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், 2006-இல் வாங்கிய சிறிய கார் ஒன்றின் முன் இருக்கையில் இவ்வாராய்ச்சி பிறந்தது. சாவியைத் திருப்பிப் பத்து விநாடிகூட ஆகவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து என் மனைவி சொன்னார்: "ஏனுங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க. அந்த இன்ஜெக்டர் கிளீன் பண்ணுனதுல இருந்தே இப்படித்தான்."

இவ்வாக்கியத்தின் முற்பாதி மட்டுமே ஆய்வுக்குரியது என்று அப்போதே முடிவு செய்தேன். பிற்பாதி ஆய்வு எல்லைக்கு வெளியே நின்றது.

முதல் சோதனையை உடனே நடத்தினேன். ஏசிக்குப் பக்கத்தில் இருக்கும் தள்ளுகட்டையை, வெளிக்காற்றிலிருந்து உள்காற்றுக்குத் தள்ளினேன். நாற்றம் குறைந்தது. "பாரு, ஒண்ணுமில்லை" என்றேன். வண்டிக்குள் வெளிக்காற்று நுழையும் வாசல், முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி இருக்கிறது. நான் அந்த வாசலைத்தான் அடைத்தேன், நோயை அல்ல என்பது பின்னாளில் விளங்கியது.

2. சொல்லாராய்ச்சி

நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் எந்தக் குற்றமும் செய்யாதது. ஆண்டாள் திருமாலின் வாயைப் பற்றி வெண்சங்கிடம் விசாரித்தபோது, நாறுதல் என்றால் மணத்தல் என்றே பொருள். பிற்காலத்தில்தான் அது மூக்கைப் பொத்த வைக்கும் சொல்லாயிற்று. பெட்ரோல் ஒன்றுதான் இரு காலத்துப் பொருளையும் இன்றளவும் சுமக்கிறது. பங்க்கில் நிற்கும்போது அது வாசனை. சன்னலை இறக்கி மூச்சை இழுப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு வண்டியில் அடித்தால் வாடை. நம் வண்டியில் அடித்தால் நாற்றம். அதையே மனைவி சொன்னால் பிரமை.

3. பிற மதங்களும் மறுப்பும்

இப்பொருளில் நமக்கு முன் நான்கு மதங்கள் வழங்கி வருகின்றன.

பங்க் மதத்தார், "இப்பத்தானே பெட்ரோல் போட்டோம், அந்த வாசனைதான்" என்பர். பெட்ரோல் போட்டு ஒன்பது நாள் ஆகியும் இவர்கள் கொள்கை மாறுவதில்லை. முன்வண்டி மதத்தார், "முன்னாடி போற வண்டியிலிருந்து வருது" என்பர். வீட்டு ஷெட்டில் முன்னால் இருப்பது சுவர் என்பதால் இது தள்ளப்பட்டது. எலுமிச்சை மதத்தார் கண்ணாடியில் எலுமிச்சை வாசனைப் பொம்மை ஒன்றைத் தொங்கவிடுவர். பெட்ரோலும் எலுமிச்சையும் சேர்ந்தால் இரண்டும் அழிந்துவிடுவதில்லை. மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது.

எத்தனால் மதத்தார் மட்டும் பாதி மரியாதைக்கு உரியவர்கள். 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் இம்மதத்தார் வைப்பர் ஓடாததற்கும் எத்தனாலையே காரணம் காட்டுவதால் முழுமையாக ஏற்பதற்கில்லை.

4. பொழுதாராய்ச்சி

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கசிவுக்கும் அதுவே முதற்பொருள். எப்போது அடிக்கிறது என்று சொன்னால் எங்கே என்பதில் பாதி தெரிந்துவிடும்.

நண்பகல் வெயிலில் நிறுத்திய வண்டியில் மட்டும் அடித்தால், ஐயம் கரி டப்பாவின் மேல் விழ வேண்டும். டேங்கில் எழும் ஆவியை வெளியே விடாமல், கரி நிரம்பிய கருப்பு டப்பா ஒன்று பிடித்து வைத்து, வண்டி ஓடும்போது என்ஜினுக்குக் கொடுக்கும். டேங்க் நிரம்பித் துப்பாக்கி தானே 'டக்'கென்று நின்ற பிறகும், "ரவுண்டா போட்டுருங்க" என்று அழுத்திப் போட வைப்பவர்களின் வண்டியில், ஆவிக்கென்று வைத்த கரி பெட்ரோலையே குடித்து மூச்சுமுட்டிப் போகும்.

எல்லாப் பொழுதிலும் அடித்தால் ஹோஸ் வெடிப்பு. விடியலில், குளிர்ந்த என்ஜினை எடுக்கும்போது மட்டும் அடித்து, நாலு தெரு தாண்டியதும் மறைந்தால், அது ரப்பர் வளையம். மூப்படைந்த ஓ-ரிங் குளிரில் விறைத்துச் சுருங்கிக் கசியும். என்ஜின் சூட்டில் இளகி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கொண்டு சேர்க்கும் நேரத்தில் எந்தத் தப்பும் செய்யாத பிள்ளைபோல் நிற்கும்.

கார்புரேட்டர் காலத்து அம்பாசிடர்களில் இந்த வகைப்பாடே தேவைப்படவில்லை. மிதவை சிக்கினால் பெட்ரோல் வழியும். மலையேறும்போது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அக்காலத்து வண்டிகளில் பெட்ரோல் நாற்றம் அடிக்காதிருந்தால்தான் டேங்க் காலியோ என்று பயந்தார்கள்.

5. மூன்றாம் அறிவு

தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அறிவால் வரிசைப்படுத்துகிறது. தொடுகை, சுவை, மூன்றாவதாக மூக்கு. கறையானும் எறும்பும் மூவறிவு உயிர்கள். பானெட்டைத் தூக்கிவிட்டுக் குனியும் கார் உரிமையாளரும் அந்நேரத்தில் அவ்வகையில் சேர்கிறார்.

நான் மூன்று நாள் எறும்பாக இருந்தேன். பேட்டரியை முகர்ந்தேன், ரேடியேட்டரை முகர்ந்தேன், ஆயில் கம்பியை உருவி முகர்ந்தேன். இம்முறையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசியும் இடத்தை விட்டுக் கீழே இறங்கி, எங்கோ தேங்கி, குற்றமற்ற உதிரிபாகத்தின் மேல் பழி போடும். இரண்டு, மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். ஐந்து நிமிடம் முகர்ந்ததும் எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்று மூன்று நாளும் மூன்று முறை அறிவித்தேன்.

நான்காம் நாள் பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்தார். ஆய்வுக்குச் சலிக்காத மூக்கு ஒன்று தேவைப்பட்டதால் அவரைக் கையோடு ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏஞ்சாமி, இது ஷெட்டா, பெட்ரோல் பங்க்கா? அடுப்பு பத்த வெக்கறதுக்கு முந்தி மெக்கானிக்கக் கூப்புடு" என்றார்.

அத்தை சொன்னதில் அறிவியல் இருக்கிறது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைப் பெட்ரோல் விடும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு சேர்ந்தாலே பொறி ஒன்று போதும். எனவே இவ்வாய்வில் இறங்குவோர் தீக்குச்சி வெளிச்சத்தில் தேடக் கூடாது. தேடியவர்கள் கட்டுரை எழுதுவதில்லை.

6. நான்காம் அறிவு

மறுநாள் விடியலில் மெக்கானிக் வந்தார். காதில் செருகியிருந்த பீடியை எடுத்துத் தெருவிலேயே காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். முகரவே இல்லை. டார்ச்சை அடித்து என்ஜினைப் பார்த்தார்.

"ஈரத்தத் தேடுறீங்க சார். பெட்ரோல் ஈரமா எங்க நிக்கும்? அது பட்ட இடம் சுத்தமா இருக்கும். எது பளிச்சுனு இருக்கோ அதுதான் ஆளு."

என் ஆய்வை இவ்வொரு வாக்கியம் தலைகீழாகக் கவிழ்த்தது. நான் அழுக்கான இடங்களையெல்லாம் முகர்ந்துகொண்டிருந்தேன். என்ஜின் முழுக்க 18 வருடத் தூசியும் எண்ணெயும் சேர்ந்த கருமை. அதன் நடுவே, மூன்றாவது இன்ஜெக்டரின் அடியில், ஒரு ரூபாய் அளவுக்கு அலுமினியம் புதிதாக விளக்கிய குத்துவிளக்குப்போல் மின்னியது. தினமும் கண்ணில் பட்ட இடம்தான். "இங்கயாவது சுத்தமா இருக்கே" என்று மகிழ்ந்ததுகூட நினைவிருக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க" என்றார். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றது. அந்த இரண்டு விநாடியில் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். இவ்வகை என்ஜின்களில் அது ஏறத்தாழ 3 பார், டயர்க் காற்றைவிட அதிகம். இறங்கி ஓடி வந்து பார்த்தேன். இன்ஜெக்டர், பெட்ரோல் குழாய்க்குள் நுழையும் விளிம்பில், கடுகளவு துளி ஒன்று பிறந்தது. பெருத்தது. வெளிச்சத்தில் ஒருமுறை நடுங்கியது. விரலை நீட்டுவதற்குள் வழிந்து பரவி, காற்றில் கலந்து, இல்லாமல் போயிற்று. மூன்று வார ஆய்வின் மொத்தப் பொருளும் அதுதான்.

பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டரை உருவினார். ஓ-ரிங் கையில் வந்தது. வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் குழியாமல், பிளாஸ்டிக் வளையல்போல் விறைத்திருந்தது. ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் அடங்கும் பொருள்.

7. ஐந்தாம் அறிவு

"பழசையே திரும்பப் போட்டிருக்காங்க சார். கழட்டுனா புதுசு போடணும். சமீபத்துல இன்ஜெக்டருல யாராச்சும் கை வெச்சாங்களா?"

நான் யோசிக்கத் தொடங்கினேன். எனக்குப் பின்னால், படியில் காபி டம்ளருடன் நின்ற மனைவி, மூன்று வாரத்துக்கு முன் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்றாமல், பிற்பாதி உட்பட, மெக்கானிக்கிடம் சொன்னார்.

தொல்காப்பியர் மூக்குக்கு மேல் கண்ணையும், கண்ணுக்கு மேல் காதையும் வைத்ததன் காரணம் அக்கணத்தில் துலங்கியது. காதுக்கும் மேலே ஆறாவதாக மனத்தை வைத்தார். இவ்வாய்வில் அந்த உறுப்பு, நாற்றம் இல்லை என்று நிறுவுவதற்கு மட்டுமே பயன்பட்டது என்பதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

8. முடிவுரை

நான்கு இன்ஜெக்டருக்கும் புது ஓ-ரிங் போட்டாயிற்று. மறுநாள் விடியலில் வண்டியை எடுத்தேன். வெளிக்காற்றுக்கே தள்ளி வைத்து, சலிக்காத மூக்கோடு ஆழமாக இழுத்தேன். பனியும், யார் வீட்டு வாசலிலோ தெளித்த சாணத் தண்ணீரும் மணத்தன. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

"இப்ப நாத்தம் இல்லீங்க. ஆனா முன்னாடி எடது பக்கம் என்னமோ 'கடகட'ங்குதுங்க. போன வாரம் அந்தக் குழியில எறக்குனதுல இருந்தே."

வண்டியை ஓரங்கட்டி, வாக்கியம் முழுவதையும் எழுதிக்கொண்டேன்.