கடவுச்சொல்லில் விளைந்த விவசாயி

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மலையேறினால் அடுக்கம். காபி, மிளகு, மலைவாழை. இரவில் காட்டுமாடு இறங்கி மேய்ந்துவிட்டுப் போகும். மழை பிடித்தால் சாலையில் மண் சரியும். வெட்டிய வாழைத்தார் தோட்டத்திலேயே பழுக்கும். இங்கே ஒருவர் தன்னை விவசாயி என்று சொன்னால் காட்டுமாடு நம்பும். அரசாங்கம் நம்பாது.

அதற்குப் பட்டா வேண்டும். சிட்டா வேண்டும். பட்டாவில் தாத்தா பெயர் இருக்கும், தாத்தா இருக்கமாட்டார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டும். போன நாளின் கூலி போச்சு. பஸ் காசு தனி. இத்தனையும் மத்திய அரசின் பி.எம். கிசான் நிதிக்காக. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையில். நாள் கணக்கில் பதினாறு ரூபாய் சொச்சம். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு டீ குடித்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் திட்டம் தொடங்கியபோதும் 6,000 தான்.

பொதுப்பணம், கண்டிப்பு வேண்டாமா என்கிறீர்களா? வேண்டும். அந்தக் கண்டிப்பின் லட்சணத்தை 2020-இல் பார்த்தோம்.

கொரோனா ஊரடங்கு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் திடீரென்று விவசாயிகள் முளைத்தார்கள். மழை இல்லை, விதை இல்லை, நிலமே இல்லை. ஆனால் விவசாயி! அதிகாரிகளின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர் கைக்குப் போயிருந்தன. கணினி மையத்தில் உட்கார்ந்தபடியே உழுதார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள். ஏழைகளிடம் 'கொரோனா நிவாரணம்' என்று சொல்லி ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கினார்கள். மாநில அரசே சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி. தாத்தா பெயரை மாற்ற ஒரு வருடம் அலையவிடும் அரசுக்கு, ஐந்தரை லட்சம் புது விவசாயிகள் சில மாதங்களில் வந்து வரிசையில் நின்றது கண்ணில் படவில்லை.

பிறகு வழக்கமான கூத்து. மத்திய அரசு விதியைத் தளர்த்தியதுதான் காரணம் என்றது மாநிலம். எண்பது ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தரகர்கள் சிலர் கைதானார்கள். ஏமாந்த ஏழையின் கணக்கிலிருந்து இரண்டாயிரத்தைத் திரும்பப் பிடுங்கினார்கள்; அந்த வேலை மட்டும் மின்னல் வேகம். தமிழ்நாட்டோடு முடிந்த கதையும் இல்லை. நாடு முழுக்கத் தகுதியற்ற 42 லட்சம் பேருக்குச் சுமார் 3,000 கோடி போயிருக்கிறது என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள்.

இது திருட்டு. சட்டப்படி நடக்கும் வேடிக்கை வேறு. முதலில் ஐந்து ஏக்கர் வரைதான் என்றார்கள். தேர்தல் முடிந்ததும், 2019 ஜூனில், வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவருக்குக் கிடையாது என்பது விதி. விவசாய வருமானத்துக்கோ வருமான வரியே கிடையாது. ஆக, தோட்டத்தைத் தவிர வேறு வரும்படி இல்லாத நூறு ஏக்கர்காரரும் வரி கட்டாத எளிய விவசாயி! அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் விவசாயி இல்லை. பட்டாவில் அவர் பெயர் இல்லையே. அங்கே காபிப் பழம் பறிக்கும் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

திருடன் தப்பியதும் பூட்டு வாங்கினார்கள். பூட்டியது யார் வீட்டை? தரகர் வீட்டையா? 2022 முதல் விவசாயிதான் 'நான் நானே' என்று நிரூபிக்க வேண்டும். தொடக்கத்தில் வழி இரண்டுதான். ஒன்று, கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டியிருந்தது, மலையில் சிக்னல் இருந்தால் வந்தது. இல்லையென்றால் பொதுச் சேவை மையத்துக்குப் போய் இயந்திரத்தில் விரலை வைக்க வேண்டியிருந்தது.

மண்வெட்டி பிடித்து, களை பிடுங்கி, காபிப் பழம் உருவி நாற்பது வருடம் தேய்ந்த விரல். ஒரு மனிதன் விவசாயி என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

'ரேகை விழலை. நாளைக்கு வாங்க' என்றது மையம்.