அப்பாவுக்கு வராத எழுத்து

டோடி ஸ்மித்தின் ‘ஐ கேப்சர் த கேஸில்’ (1948) நாவலில் 17 வயது கஸாண்ட்ரா நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் இடம், சஃபோக்கில் ஓர் இடிந்த கோட்டை. அதிலும் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி. காலைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு, நாய்ப் போர்வையை அடியில் மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பகல் வெளிச்சம் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தானாம். விலைபோகக்கூடிய மேசை நாற்காலி எல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது.

அப்பா பெரிய எழுத்தாளர். அதாவது, ஒரே ஒரு நாவல் எழுதி அமெரிக்கா வரை பேர் வாங்கிவிட்டு, அப்புறம் வருஷக்கணக்காகப் பேனாவைத் தொடாதவர். துப்பறியும் கதைகளைப் படித்துத் தள்ளுகிறார். அவர் என்றைக்காவது எழுதிவிடுவார் என்று குடும்பமே அரை வயிற்றோடு காத்திருக்கிறது.

மகளோ, யாரும் கேட்காமலே ஆறு பென்ஸ் நோட்டை முடித்து, ஒரு ஷில்லிங் நோட்டையும் முடித்து, இரண்டு கினி நோட்டுக்கு வந்துவிடுகிறாள். அதுவும் சுருக்கெழுத்தில்! வீட்டில் வரவு என்று பேருக்குக்கூட இல்லை. நோட்டு விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

கடைசியில் எப்படியாவது எழுதவைக்க வேண்டுமென்று பிள்ளைகள் அப்பாவைக் கோபுரத்துக்குள் இறக்கிப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து அவர் எழுதுவது, சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகும் ஒரு வாக்கியம். திரும்பத் திரும்ப அதே வாக்கியம். அதிலிருந்தே அவருடைய அடுத்த படைப்பு கிளம்பிவிடுகிறது. இலக்கியம் தெரிந்த சைமன் என்பவர் அதற்கு ஆழமான பொருளெல்லாம் சொல்கிறார். புத்தகம் வெளிவந்தால், பூட்டுப் போட்டவர்களுக்கு முன்னுரையில் ஒரு நன்றியாவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை.