தலைதட்டல் குணகம்: டம்ளரைக் கிராமாக்குவது குறித்த முதற்கட்ட ஆய்வு

ஒரு டம்ளர் என்பது எத்தனை கிராம்? இவ்வினாவில் அறிஞர் பெருமக்கள் இதுவரை கைவைக்காததற்குக் காரணம், அவர்கள் வீட்டில் வேறு யாரோ சமைப்பதே என இவ்வாய்வு கருதுகிறது.

முன்னோர் இதில் விழிப்பாக இருந்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். பெயர் ஒன்றானாலும் வேலை வேறு. (பொன்னை மரக்காலால் அளக்கும் வசதி ராஜராஜனுக்கு இருந்திருக்கலாம். அது தனி ஆய்வு.) பின்னர் 1956இல் எடை அளவைச் சட்டம் வந்தது. கடையில் படி போய்க் கிலோ உட்கார்ந்தது. அடுப்படிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. இன்றும் அரிசி கிலோவாக வீட்டுக்குள் வந்து டம்ளராக உலைக்குப் போகிறது.

எந்த டம்ளர்? காபி டம்ளர், சீரில் வந்த டம்ளர், மின்சாரக் குக்கரோடு வரும் 180 மி.லி. கப் என வகைகள் பல. ஒரே டம்ளரானாலும் தலைதட்டி அளப்பவர் உண்டு, கோபுரமாய் அளப்பவர் உண்டு. அளந்ததை மேடையில் ‘டொக் டொக்’ என்று தட்டினால் மட்டம் இறங்கும். உடனே இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். காரணம் காற்று. ஒரே அளவு உருண்டைகளைக் கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காடு இடமே நிரம்பும். எவ்வளவு அழகாக அடுக்கினாலும் 74ஐத் தாண்டாது என்று கெப்ளர் 1611இல் சொன்னதைத் தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் நிறுவினார். கடுகை அப்படி அடுக்க எந்த மாமியாருக்கும் நேரமில்லை.

மாவு இன்னும் மோசம். 240 மி.லி. கப்பில் மைதாவைக் கரண்டியால் மெல்லத் தூவி நிரப்பினால் சுமார் 120 கிராம். அதே கப்பை டப்பாவுக்குள் குத்தி அள்ளினால் 140 வரை ஏறும். கேக் கல்லாவது இங்கேதான்.

இட்லி மட்டும் ஏன் கல்லாவதில்லை? அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்பது விகிதம். எந்த டம்ளரானாலும் அதே டம்ளராக இருந்தால் போதும். எண்ணிப் போடும் பொருள் நுழைந்தால்தான் ஆபத்து. டம்ளர் பெரிதாகிவிட்டது என்பதற்காகக் கோழி பெரிய முட்டை இடாது.

இந்நிலையில் வெளியூரில் குடியேறிய மகள் போனில் கேட்கிறாள்: “அம்மா, அரைக் கிலோ உளுந்துப் பாக்கெட் முழுசா ஊறப் போட்டுட்டேன். அரிசி எவ்வளவு?”

“உளுந்தை எத்தனை டம்ளர்டீ போட்ட?”

“அளக்கலையேம்மா.”

இதற்கு விடை காண முழு உளுந்தையும் இட்லி அரிசியையும் தனித்தனியே தலைதட்டி, தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் அந்த 240 மி.லி. கப்புக்கு 200 கிராமை ஒட்டியே நின்றன. ஆகவே எடையிலும் நாலுக்கு ஒன்றுதான். அரிசி 2 கிலோ. இத்தனை ஆராய்ச்சிக்குப் பின் வந்த விடையை அம்மா ஏற்கெனவே சொல்லி, போனையும் வைத்துவிட்டார்.

புளியை எலுமிச்சை அளவு என்றும், பெருங்காயத்தைச் சுண்டைக்காய் அளவு என்றும் சொல்லும் காய்கனி அளவை முறை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. கோடையில் எலுமிச்சை விலை ஏறிக் காய் சிறுத்தாலும், குழம்பில் புளிப்புக் குறைந்ததாக எவ்வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை.