குல்லா மாற்றும் வைபவம்

வாழ்த்துகள், தம்பி. இன்று முதல் நீ மேலாளர். தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. ஸ்பானர் பிடித்த கை இனிக் கையெழுத்து மட்டும் போடும். புது வேலை பழக எத்தனை மாதம் ஆகுமோ என்று பயப்படாதே. அரை மணி நேரம் போதும். முன்னுதாரணம் இருக்கிறது.

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவில் யூட்டா மாநிலம், மார்ட்டன் தியோக்கால் கம்பெனி. மறுநாள் கிளம்பவிருந்த சேலஞ்சர் விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் இவர்கள் செய்தவை. ராக்கெட் துண்டுகள் சேரும் இடத்தில் வாயு கசியாமல் அடைப்பது ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்துவிடும், 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவாதீர்கள் என்று பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். ஏவுதளம் இருந்த புளோரிடாவிலோ அன்றிரவு உறைபனிக் குளிர். அப்படியானால் ஏப்ரலில்தான் ஏவுவதா என்று நாசா அதிகாரி சீறினார். வாடிக்கையாளர் சீறினால் எந்த ரப்பரும் இளகிவிடும்.

ஐந்து நிமிட அவகாசம் கேட்டுவிட்டு தியோக்கால்காரர்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஐந்து, முப்பதாக நீண்டது. பொறியாளர் ஆர்னி தாம்சன் எழுந்துபோய், மேலாளர்களுக்கு முன்னால் நோட்டை வைத்து அந்த இணைப்பைப் படம் வரைந்து காட்டினார். இன்னொரு பொறியாளர் ரோஜர் போஜொலே, முந்தைய ஏவலில் கரியாகக் கறுத்துப்போயிருந்த கிரீஸின் போட்டோக்களை எடுத்து வைத்தார். மேலாளர்கள் பார்த்த பார்வையில் இருவரும் திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ராபர்ட் லண்ட் பக்கம் திரும்பினார். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்டும் போட்டுக்கொண்டார். ‘குல்லா போடுவது’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது மேசனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் மனிதர் என்ன பொருத்தமாகப் பேசியிருக்கிறார் பார்!

ஓட்டெடுப்பு நடந்தது. மேலாளர்கள் நால்வருக்கு மட்டும் ஓட்டு. நான்கும் ஏவலாம் என்றே விழுந்தன. ஏகமனதாம்! வளையத்தைப் பற்றித் தெரிந்தவனுக்கு வாக்குரிமை இல்லை என்றால் எதுதான் ஏகமனதாகாது?

காலையில் சேலஞ்சர் 73 வினாடி பறந்தது. ஏழு உயிர். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. டீச்சர் விண்வெளிக்குப் போகிறார் என்று பிள்ளைகள் வகுப்பறையில் டீவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

விண்கலம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெயின்மன் துருவினார். 100-ல் 1 என்றார்கள் வேலை செய்கிறவர்கள். லட்சத்தில் 1 என்றது நிர்வாகம். ஒரே கலம்தான், மாடி ஏற ஏற ஆபத்து ஆயிரம் மடங்கு குறைகிறது. அந்த வகைக் கலங்கள் மொத்தம் பறந்தது 135 முறை, நொறுங்கியவை 2. கீழ்த்தளத்துக்காரன் கணக்கே கொஞ்சம் தாராளம்.

ஏவுவதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்த தியோக்கால்காரர் ஆலன் மெக்டொனால்ட், விசாரணையில் நடந்ததைச் சொன்னார். கம்பெனி அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க காங்கிரஸ் அதட்டிய பிறகே நாற்காலி திரும்பக் கிடைத்தது. இதையும் தெரிந்து வைத்துக்கொள், தம்பி; பதவி உயர்வுக் கடிதத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

நாளைக்கு உன் அறைக்கும் ஒருத்தன் வருவான். கேட்காமலே மேஜையில் நோட்டை விரித்துப் படம் வரைவான். எழுத்து கோணலாக இருக்கும், விரலில் கிரீஸ் இருக்கும். போன வாரம்வரை அந்தப் பேனா உன் கையில் இருந்தது.